அடுப்பை இறக்கி வைத்த வண்டி

கோயமுத்தூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்கு அடியில் சக்கரம் வைத்து ஓட்டியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். படிப்பு ஐந்தாவது. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அதே சிங்காநல்லூரில் சொந்தப் பட்டறை போட்டேன். இன்றைக்கு என் பம்பு இறங்காத கிணறு இந்த வட்டாரத்தில் குறைவு. வயது அறுபத்தொன்பது. பட்டறையை மகன் பார்க்கிறான். நான் பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

இந்த வண்டி யோசனை ஆஸ்திரேலியாவில் வந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கடற்கரை ஓரம் ஒரு வண்டி நின்றது. அதன் வாசலில் என் வயதுள்ள வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் மடக்கு நாற்காலி போட்டு முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் தகரமும் போல்ட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அவரே உள்ளே கூப்பிட்டார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சாண் போட்டு அளந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மகள் எடுத்துச் சொன்னாள்: "ஊட்டை வித்துப்போட்டு ஆறு வருசமா இதுலயே சுத்தறாங்களாம்ப்பா."

என் சம்சாரம் சரஸ்வதி அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா முட்டையைத் தின்றுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். அவர் வீட்டுக்காரர்தான் அதை எடுத்துப் போய்க் கழுவினார்.

ஊர் திரும்பியதும் சரவணம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட வேனை வாங்கினேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்த கதையைச் சொன்னால் பயணம் தொடங்காது, விட்டுவிடுவோம். சீட்டை எல்லாம் பிடுங்கினேன். கட்டில் போட்டேன். மேலே சோலார் தகடு, உள்ளே இரண்டு மின்விசிறி. சமையற்கட்டைத்தான் ஆசை ஆசையாகச் செய்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடை, விளிம்பெல்லாம் கை கிழிக்காமல் பாலிஷ் போட்டது. இரண்டு அடுப்பு, மிக்சிக்குத் தனி பிளக், சாமான் விழாமல் இருக்கக் கம்பித் தடுப்பு, அஞ்சறைப் பெட்டிக்குக் கூட அளவெடுத்து ஒரு குழி. எந்த ஃபாரின் கம்பெனிக்காரனும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

சரஸ்வதி உள்ளே ஏறி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கீழே இறங்கி, "மூணு தடவை வாரேன்" என்றாள். "மூணாவது தடவை போயிட்டு வந்து நான் வேண்டாமுன்னு சொன்னா வண்டியைக் குடுத்துப்போடோணும். அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு பேச்சு கூடாதுங்க."

ஒத்துக்கொண்டேன். கலியாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் தங்கிய நாட்களை எண்ணினால் ஒரு கை விரல் முடியாது. போன இடமெல்லாம் எழவு, கலியாணம், கோயில். எல்லாவற்றிலும் கூட இருபது பேர். அவள் வேண்டாம் என்றுவிட்டால் நான் தனியாக வண்டி ஓட்டி என்ன செய்ய?

முதல் பயணம் காங்கயத்துக்குத் தெற்கே. இரண்டு நாள் திட்டம். அந்தப் பக்கம் பூமியே வேறு நிறம். கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், அதைக் கொறங்காடு என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வெள்வேல மரம், மரத்தடியில் மாடுகள் யாரையோ எதிர்பார்ப்பதுபோல நிற்கும். சிங்காநல்லூரில் நான் கண்விழித்தால் முதலில் பார்ப்பது எதிர்வீட்டுச் சுவர். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் குறுக்கே ஒன்றும் இல்லை. குளத்து மேட்டில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, நாற்காலி இரண்டை விரித்துப் போட்டேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். சரஸ்வதி உள்ளே கொள்ளுப் பருப்பு வேகவைத்தாள்.

ஆடு ஓட்டி வந்த அம்மா ஒருவர் நின்றார்.

"எந்த ஊருங்க?"

"சிங்காநல்லூருங்க."

"இங்க ஆரு ஊட்டுக்கு வந்தீங்க?"

"ஆரு ஊட்டுக்கும் இல்லீங்க. சும்மா பாக்கறதுக்கு வந்தோம்."

"எதை, இந்தக் கொறங்காட்டையா?" அவர் திரும்பி ஒருமுறை பார்த்தார். தினமும் பார்க்கிற இடத்தில் ஏதாவது புதிதாக முளைத்துவிட்டதா என்று தேடுவதுபோல இருந்தது. "கொழந்தைகளுங்க?"

"ஒரு பையன், ஒரு பொண்ணு. பொண்ணு ஆஸ்திரேலியாவுல."

"பையன்?"

"என்ற ஊட்லதான் இருக்கறான்."

"அவன் ஊட்ல இருக்கறான், நீங்க வண்டியில இருக்கறீங்க" என்றார் அந்த அம்மா மெதுவாக. ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பால் கொண்டு வந்தார். இன்னொருவர் நுங்கு. ஒரு பாட்டியம்மா சரஸ்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மருமக கொணமா, மகன் கொணமா, அம்மணி?" என்று கேட்டார். என்ன சொன்னாலும் நம்பவில்லை. கட்டிலைக் காட்டினேன், மின்விசிறியைப் போட்டுக் காட்டினேன். "பாவம், எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டாங்க" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கடைசியாக ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "பையன் நெம்பரைக் குடுங்க" என்றார். என் மகன் எப்பேர்ப்பட்டவன் என்று அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று கொடுத்தேன். அதுதான் தப்பு. பெரியவர் கேட்பதற்காக போன் செய்யவில்லை, சொல்வதற்காகச் செய்தார்.

"தம்பி, உங்கப்பனும் உங்காத்தாளும் இங்க வேல மரத்தடியில கெடக்கறாங்க. நீ அங்க ஃபேனைப் போட்டுட்டுப் படுத்திருக்கறயா? ஊடு ஆரு கட்டுனது? பட்டறை ஆரு போட்டது?"

கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். நானே கேட்க நினைத்தவையும் அதில் இருந்தன. வைத்த கையோடு மகன் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். "அங்க என்னம்மா நடக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. டீ போட்டுட்டு இருக்கறேன்" என்றாள்.

உண்மையில் அவள் டீதான் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? பதினோரு பேருக்கு டீ. ஓடுகிற வண்டியில் பதினோரு பேருக்கு டீ போடும் வசதி செய்தவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தம்ளர் கழுவியே உள்ளே இருந்த தண்ணீர் தீர்ந்துபோனது. மறுநாள் இருப்பதாக இருந்தோம், காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

வழியில் அவளிடம், "எப்படி?" என்றேன்.

"காத்து நல்லாருந்துச்சுங்க" என்றாள்.

எனக்குப் புரிந்தது, தண்ணீர்தான் குறை. இரண்டாவது பயணத்துக்குள் வண்டிக் கூரைமேல் இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஏற்றி, குழாய் போட்டு, சமையல் மேடைக்குத் தண்ணீர் கொட்டும்படி செய்தேன். பம்பு செய்கிறவன் வண்டியில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால் ஊர் சிரிக்கும்.

இந்தத் தடவை கோபிப் பக்கம், வாய்க்கால் கரை. நான் போன வழி சோமனூரைத் தொடும். சோமனூரில் சரஸ்வதியின் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதென்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். போனால் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் சாப்பிடவேண்டும். சாப்பிட்டால், "ஊடு இருக்கறப்ப வண்டியிலயா படுப்பீங்க மாமா?" என்று பாயை விரித்துவிடுவாள். கோபி கோபியிலேயே இருந்துவிடும். அதனால் பெரிய ரோட்டை விட்டு, தறிக் குடோன்களுக்கு நடுவே போகும் சந்தில் திருப்பினேன். ரயில் பாதைக்கு அடியில் ஒரு சிறிய பாலம் உண்டு. நூல் வியாபாரிகளுக்கு மோட்டார் கொண்டுபோன காலத்திலிருந்து எனக்குப் பழக்கம்.

பாலத்துக்கு முன்னால் உயரம் காட்ட இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே கட்டியிருக்கும். சரஸ்வதி, "ஏனுங்க, போகுமுங்களா?" என்றாள்.

"வண்டி ஒசரம் எனக்கு மனப்பாடம்" என்றேன்.

வண்டியின் உயரம் மனப்பாடம்தான். தொட்டியின் உயரத்தைக் கூட்டவில்லை. நாற்பது வருஷம் வெர்னியர் வைத்து மயிரிழை அளந்த கை, மூன்றடித் தொட்டியை மறந்துபோனது. மேலே டமால் என்று ஒரு சத்தம். அப்புறம் முன்கண்ணாடி முழுக்க மழை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பஞ்சு ஒட்டிய தலையோடு நாலைந்து பேர் வெளியே வந்தார்கள். இருநூறு லிட்டரும் பாலத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பாலத்துக்குத் தண்ணி வாத்து உடறீங்களா?" என்றார்.

"சீயக்காயும் கொண்டாந்திருக்கலாமுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிரித்துக்கொண்டேதான் உதவியும் செய்தார்கள். மேலே ஏறி, நசுங்கிய தொட்டியை அவிழ்த்துக் கீழே இறக்கி, வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொன்னார்கள். கூரையில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பள்ளிக்கூட மஞ்சள் எட்டிப் பார்த்தது. தொட்டியை அவர்களே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பாதியாக அறுத்தால் நூல் நனைக்க ஆகுமாம். நான் செய்த பொருள் எதுவும் வீணாவதில்லை.

மணி ஒன்று. உள்ளே அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சோறாக்கத் தண்ணீர் இல்லை. "பக்கத்துல ஒரு மெஸ் இருக்குதுங்க, நாங்க அங்கதான் திங்கறோம்" என்று தறிக்காரர் கை காட்டினார். தகரக் கொட்டகை. புருஷன் இலை போட, பெண்டாட்டி பரிமாறினார். அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம், ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம்.

நான் இலையில் பாதி முடித்துவிட்டுத்தான் சரஸ்வதியைப் பார்த்தேன். நெய் விட்டுப் பிசைந்து, ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. நாங்கள் முடித்து எழுந்த பிறகு உள்ளேயே தின்றுவிட்டு வருவாள். பரிமாறும் அம்மா, "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா அம்மணி?" என்றார். "வைங்க" என்றாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் "வைங்க."

அப்போது அவள் போன் அடித்தது. தங்கை. பாலத்துச் சேதி அதற்குள் போயிருக்கிறது. சரஸ்வதி யார் என்று பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், ரசத்துக்குக் குழி பறித்தாள்.

"உன்ற கைப்பக்குவம் இதுல வராது" என்றேன். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான்.

"என்ற கை படாததுனாலதானுங்க நல்லாருக்குது" என்றாள்.

வண்டிக்குத் திரும்பியதும் அவள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். "நான் ஒண்ணு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாப்பத்திரண்டு வருசமா நின்ன எடத்தை அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து வண்டியில வெச்சுட்டீங்க. நீங்க முன்னால உக்காந்து ஊரு பாக்கறீங்க. நான் பின்னால நின்னு கொழம்பு பாக்கறேன். காங்கயத்துல அந்தக் கொளத்துல தண்ணி இருந்துச்சா இல்லையா, எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கவே இல்ல." சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "ரெண்டு ஆச்சு. இன்னொண்ணு பாக்கி."

கோபிக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திருப்பினேன்.

பொய் சொல்ல மாட்டேன், கோபம் வந்தது. அந்த மேடையின் விளிம்பை நான் என் கையால் மூன்று நாள் தேய்த்தேன். வேறு எவன் தன் பெண்டாட்டிக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறான்? நான்கு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வண்டிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் அவள் நிற்கிற இடத்தில் நானே நின்று பார்த்தேன். கண்ணுக்கு நேரே மசாலா டப்பாக்கள். குனிந்தால் கம்பித் தடுப்பு. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றையும் அளந்தவன், அதை அளக்கவில்லை.

பட்டறைக்கு ஓட்டிப்போய் எட்டு போல்ட்டையும் கழற்றினேன். மேடையைக் கீழே இறக்கினேன். மகன் வந்து பார்த்து, "என்னப்பா, நல்லாத்தான இருந்துச்சு?" என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அது இருந்த இடத்தில் ஜன்னலைப் பார்த்த மாதிரி, கால் நீட்டிக்கொள்ள வாகாக, ஒரு சீட்டு போட்டேன். சரஸ்வதியைக் கூப்பிட்டுக் காட்டி, "டீ போட மட்டும் ஒரு சின்ன அடுப்பு?" என்று கேட்டேன்.

"அடுப்பு இருந்தா பதினோரு பேரு வருவாங்க" என்றாள்.

மூன்றாவது பயணம் தாராபுரம், உடுமலைப் பக்கம். திங்கட்கிழமை கிளம்பி, மூன்று ராத்திரி தங்கி, வியாழக்கிழமை திரும்புவதாகப் பேச்சு. என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று நானாகக் கேட்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். எனக்கு அது சுலபமல்ல. கேட்காமல் எதையும் நான் வாங்கியதில்லை.

முதல் நாள் காற்றாலைகள். ஒன்றின் அடியில் போய் நின்றால்தான் அதன் அளவு தெரிகிறது. றெக்கையின் நிழல் நம்மேல் விழுந்து போவதற்குள் மூச்சை ஒருமுறை இழுத்து விடலாம். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, கியர் பெட்டி எங்கே என்று நான் காவலாளியிடம் கேட்டேன். அவர், "நான் கேட்டைத்தானுங்க பாக்கறேன்" என்றார். சரஸ்வதி வேறு கேட்டாள். "மயிலு வந்து இடிச்சுக்காதுங்களா?" அதற்கு அவரிடம் அரை மணி நேரத்துக்குப் பதில் இருந்தது. மயில் இடிக்காதாம், அவ்வளவு உயரம் பறக்காதாம். கோட்டான் ஒருநாள் உள்ளே போய்க் குடும்பம் நடத்தியதாம். மோட்டாரில் ஊறியவன் நான், ஆனால் நல்ல கேள்வி அவளுடையது.

சாயங்காலம் ஒரு பேக்கரியில் தேங்காய் பன், அப்புறம் தள்ளுவண்டியில் காளான். காளான் விற்பவரிடம், "இதுல காளான் எது, முட்டைக்கோசு எது?" என்று கேட்டாள். "அதைக் கண்டுபுடிச்சா நீங்க கடை போட்டுருவீங்கம்மா" என்றார் அவர். தங்கியது ஒரு தென்னந்தோப்பில். தோப்புக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்: "பையன் நல்ல பையனுங்க. நாங்களாத்தான் வந்தோம்." அவர் நான் ஏன் அதைச் சொல்கிறேன் என்று தெரியாமல், "சேரிங்க" என்றார்.

இரண்டாம் நாள் காலை உடுமலையில் சந்தகை, தேங்காய்ப்பால் விட்டு. எங்கள் வீட்டில் சந்தகை என்றால் பிழிவதற்கு இரண்டு ஆள் வேண்டும், அவள் கை இரண்டு நாள் வலிக்கும். இங்கே தட்டில் வந்தது. இரண்டு தட்டு தின்றாள். அப்புறம் அமராவதி அணை. அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது. ஒரு முதலை வாயைத் திறந்தபடி கல்லு மாதிரி கிடந்தது.

"உசுரு இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்ப எப்ப வாயை மூடும்?"

தெரியாது என்றேன். நான் அதிகம் சொல்லாத வார்த்தை. சரி, பார்த்துவிட்டுப் போகலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். வெயில் ஏறியது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து, கத்தி, போய்விட்டது. எனக்குக் கால் கடுத்தது. பட்டறையாக இருந்தால் இத்தனை நேரத்தில் ஒரு மோட்டார் கட்டியிருப்பேன் என்று நினைத்தேன். முதலை கடைசியில் ரொம்ப மெதுவாக மூடியது. ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவள் என் பக்கம் திரும்பி, ஜெயித்துவிட்ட முகத்தோடு, "பாத்தீங்களா?" என்றாள்.

அன்றும் அந்தப் பக்கமே ஒரு தோப்பில் தங்கினோம். மறுநாள் புதன்கிழமை, அணைக்கு வெளியே மீன் வறுக்கும் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாவும் சரஸ்வதியும் மசாலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மசாலாவை விட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்த அம்மாவின் மகள் நர்சிங் படிக்கிறாள். அணையில் தண்ணீர் குறைந்தால் மீன் ருசி கூடும். கல்லில் எண்ணெய் காயும் முன் மீனைப் போடுகிறவர்களுக்குப் பொறுமை போதாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரஸ்வதி ஒரு முறைகூட எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

அப்போது மருமகள் போன் செய்தாள். நாளைக்குச் சாயங்காலம் வருகிறீர்களா, ராத்திரிக்கு என்ன செய்துவைக்கட்டும் என்று கேட்டது எனக்கும் கேட்டது. நான் முள் எடுப்பதை நிறுத்தவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

சரஸ்வதி அணையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இல்ல கண்ணு, நாளைக்கு வரல. மாமா பழனி தாண்டி அந்தப் பக்கமெல்லாம் பாக்கோணுமுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நான் சொன்னா அவரு எங்க கேக்கறாரு? ஞாயித்துக்கெழமை ஆயிரும். அதுக்கு மேலயும் ஆகும். நீங்க உங்களுக்குப் புடிச்சதைச் செஞ்சு சாப்புடுங்க."

நான் அப்போது இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பழனி என்ற பேரையே அன்றைக்கு நான் எடுக்கவில்லை. செய்த காரியத்துக்கெல்லாம் பேர் வாங்கியிருக்கிறேன். செய்யாத ஒன்றுக்குப் பேர் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அவள் போனை வைத்ததும், "பழனி தாண்டி எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டேன்.

"அதையும் நானா சொல்லோணும்?" என்றாள், என் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டு. "நீங்கதான பாக்கோணுமுன்னு நிக்கறீங்க."